கேட் நோட்டில் இருந்த மணிக்கணக்கு

போன ஐப்பசி மழையில் எங்கள் வீட்டு சர்வீஸ் ஏரியாவில் வழுக்கி விழுந்து, வீட்டு வேலை செய்பவருக்கு வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ராத்திரி முழுக்கச் சாரல் அடித்து டைல்ஸ் ஈரமாகக் கிடந்தது. காலையில் காபி போடும்போதே பார்த்தேன். துடைத்துவிடலாம் என்று நினைத்தேன், துடைக்கவில்லை. ஏழே கால் மணிக்கு அவர் துணிவாளியைத் தூக்கிக்கொண்டு அங்கே கால் வைத்தார்.

ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்குப் போனோம். எக்ஸ்ரே, மாவுக்கட்டு. ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாது என்றார்கள். திரும்பி வரும்போது ஆட்டோவில் அவர் என்னிடம் சொன்னார்: "ஒன்றரை மாசம் வர முடியாதும்மா. வேற ஆள் பாத்துக்கோங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

என் வீட்டில் விழுந்து கை ஒடிந்தவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் 31 வருஷம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வால்வு கம்பெனியில் வேலை பார்த்தவள். முதல் ஒன்பது வருஷம் டைம் ஆபீஸ், அப்புறம் பர்சனல் டிபார்ட்மெண்ட். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எப்போது வெளியே போனார், லேட்டா, லீவா, ஓவர்டைமா என்று கணக்கு வைத்து அதிலிருந்து சம்பளம் போடுகிற இடம்தான் டைம் ஆபீஸ். ஷாப் ஃப்ளோரில் ஒருவருக்கு இப்படிக் கை ஒடிந்திருந்தால் எனக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது. விபத்து அறிக்கை, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) மருத்துவமனை, அங்கே கொடுக்கிற சான்றிதழ் என்று வரிசையாக நடக்கும். வேலைக்கு வர முடியாத நாள்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் இ.எஸ்.ஐ.யிலிருந்து வரும். அதற்காக அலைந்து எத்தனையோ பேருக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அவர்களில் ஒருவர்கூட என்னிடம் 'தப்பா எடுத்துக்காதீங்க' என்று சொன்னதில்லை. அது அவர்கள் பணம். அவர்களுக்கு அது தெரியும்.

வீட்டு வேலைக்கு இவர் எங்களிடம் வந்து 14 வருஷம் ஆகிறது. அந்த 14 வருஷத்துக்கு என் வீட்டில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

(அவர் பெயரை எழுதவில்லை. இதையெல்லாம் எழுதட்டுமா என்று கேட்டபோது, "எழுதுங்கம்மா, பேரு மட்டும் வேணாம்" என்றார்.)

ஏன் இல்லை என்பதற்கு என்னிடம் ஒரு பதில் எப்போதும் தயாராக இருந்தது. சட்டம் அப்படி. நான் வேலையில் இருந்த காலத்துக் கணக்கைச் சொல்கிறேன், இப்போது இந்தச் சட்டங்களை நான்கு தொகுப்புகளாகச் சேர்த்துவிட்டார்கள். பி.எஃப்.புக்கு 20 பேர் வேலை செய்யும் இடமாக இருக்க வேண்டும். போனஸுக்கும் 20. இ.எஸ்.ஐ.க்கு 10, வேலையை விடும்போது தருகிற கிராஜுவிட்டிக்கு 10. எங்கள் வீட்டில் வேலை செய்பவர் ஒருவர். எந்த வீட்டிலும் ஒருவர், மிஞ்சிப் போனால் இரண்டு பேர்தான். ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராகப் பிரிந்து நிற்பதாலேயே லட்சக்கணக்கான பெண்கள் எந்தக் கணக்கிலும் வராமல் போகிறார்கள். இதை நான் ஆபீஸில் இருந்தபோது யோசித்ததே இல்லை. இ.எஸ்.ஐ. இன்ஸ்பெக்டருக்குப் பதிவேட்டை எடுத்து நீட்டிவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து, இவரிடம் "நாளைக்குச் சீக்கிரம் வா" என்று சொல்லியிருக்கிறேன்.

அந்த 'வா'வையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கம்பெனியில் கூட்டிப் பெருக்குகிறவரைக்கூட நான் 'வாங்க, போங்க' என்றுதான் பேசினேன். வீட்டில் 'வா, போ' என்று பழகிவிட்டது. மாமியார் அப்படிக் கூப்பிட்டார், நானும் அப்படியே தொடர்ந்தேன். என்னைவிட அவருக்கு வயது பன்னிரண்டு குறைவு, அதனால் பரவாயில்லை என்று நினைத்தேன். கம்பெனியில் என்னைவிட இருபது வயது சின்னப் பையன்களை 'நீங்க' என்று சொன்னபோது வயது நினைவுக்கு வரவில்லையே. இப்போது மாற்றிக்கொண்டேன். முதல் வாரம் அவருக்கு அது பிடிக்கவில்லை. "என்னம்மா, கோவமா?" என்று கேட்டார்.

ஆறு வாரத்துக்கும் முழுச் சம்பளம் கொடுத்தோம். அப்போது அவர் சம்பளம் மாதம் 5,500. ஒன்றரை மாதத்துக்கு 8,250. இ.எஸ்.ஐ. கணக்கில் பார்த்தால் 7,425 வந்திருக்கும். என் வீட்டு ஈரத்தில் விழுந்தவருக்குப் பத்து சதவீதத்தைப் பிடிக்க எனக்கு மனம் வரவில்லை. வேறு ஆள் வைக்கவில்லை. பாத்திரம் என் கணவர், துணியும் கூட்டிப் பெருக்குவதும் நான். கை ஒடிந்தவர் அடுத்த தெருவில் இன்னும் இரண்டு வீடுகளில் வேலை செய்துகொண்டிருந்தார். ஒரு வீட்டில் பத்தாம் நாளே வேறு ஆள் வைத்துவிட்டார்கள். இன்னொரு வீட்டில் காத்திருந்தார்கள், சம்பளம் தரவில்லை. கட்டுப் பிரித்தபோது மூன்று வீடு இரண்டாக ஆகியிருந்தது. அந்த ஆட்டோவில் அவர் பயந்தது இதற்குத்தான்.

அந்த ஆறு வாரத்தில்தான் எனக்கு ஒரு விஷயம் தெரிந்தது. ரெண்டரை மணி நேர வேலை என்று 14 வருஷமாக நான் சொல்லிக்கொண்டிருந்த வேலை, இரண்டு பேர் சேர்ந்து செய்தும் ரெண்டரை மணி நேரத்தில் முடியவில்லை.

எனக்குச் சந்தேகம் வந்தது. எங்கள் அபார்ட்மெண்டில் 24 வீடு. கேட்டில் வாட்ச்மேன் ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறார். வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் உள்ளே வரும் நேரம், போகும் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போகும்போது பையைத் திறந்து காட்ட வேண்டும் என்று ஒரு விதியும் இருந்தது. அசோசியேஷன் கூட்டத்தில் கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி. எங்கள் கட்டிடத்தில் அவருக்கு எங்கள் வீடு ஒன்றுதான். அதனால் அந்த நோட்டில் இருப்பது முழுக்க எங்கள் வீட்டு நேரம்.

செப்டம்பர் மாத நோட்டை வாங்கி வந்து சாப்பாட்டு மேசையில் வைத்துக் கணக்குப் போட்டேன். ஒன்பது வருஷம் செய்த வேலை, கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. 30 நாளில் 28 நாள் வந்திருக்கிறார். ஒரு நாள்கூட ரெண்டரை மணிக்குள் வெளியே போகவில்லை. சராசரி மூன்று மணி பத்து நிமிஷம்.

அந்த நாற்பது நிமிஷம் எங்கே போனது என்று எனக்குத் தெரியும். அது 'அப்படியே' என்கிற சொல்லில் போனது. "அப்படியே அந்தக் குக்கரையும் ஒரு தேய்ப்பு தேய்ச்சிடு." "அப்படியே பால்கனியையும் துடைச்சிடு." "அப்படியே கீழ போய்க் கருவேப்பிலை வாங்கிட்டு வந்துடு." ஒவ்வொன்றும் ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். ஒன்றும் பெரிதாகத் தெரியாது. கம்பெனியில் ஒருவர் ஷிஃப்ட் முடிந்து கால் மணி நேரம் கூடுதலாக நின்றால் அதற்கு இரட்டைச் சம்பளம் போட்டவள் நான். அதில் ஒரு ரூபாய் குறைந்தாலும் யூனியன்காரர் என் மேசைக்கு முன்னால் வந்து நிற்பார்.

28 நாளுக்கு நாற்பது நிமிஷம் என்றால் 18 மணி 40 நிமிஷம். பேசிய நேரம் 28 நாளுக்கு ரெண்டரை மணி வீதம் 70 மணி. 5,500-ஐ அந்த 70 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 78 ரூபாய் சொச்சம். அந்த மாதம் மட்டும் நான் கொடுக்காமல் விட்டது 1,467 ரூபாய். ஓவர்டைம் கணக்கில் இரட்டிப்பாகப் பார்த்தால் 2,933. ஒரே ஒரு மாதத்துக்கு.

தமிழ்நாட்டில் வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி உண்டு. நிறையப் பேருக்கு இது தெரியாது. 2018-ல் அரசு அறிவித்தது. மணிக்கு 37 ரூபாயில் தொடங்கி, திறமைக்குத் தக்கபடி 38, 39 என்று வைத்தார்கள். அதன்மேல் அகவிலைப்படி வருஷா வருஷம் சேரும். அந்தக் கணக்கைக் காட்டி 'நான் சட்டத்துக்கு மேலேதான் தருகிறேன்' என்று சொல்லிவிடலாம். சென்னையில் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். 37 ரூபாய்க்கு இந்த ஊரில் ஒரு மணி நேரம் யாரும் வேலைக்கு வரமாட்டார்கள். அது வந்ததே நல்லது என்று நினைக்கிறேன், ஏனென்றால் இது ஒரு வேலை, இதற்கு மணிக்கணக்கு உண்டு என்று அரசாணையில் எழுதியிருக்கிறது. ஆனால் நியாயமான சம்பளத்துக்கு அளவுகோல் அது இல்லை.

கட்டுப் பிரித்து அவர் திரும்பி வந்த அன்று, உட்காருங்க பேசணும் என்றேன். தரையில் உட்காரப் போனார். நாற்காலியில் உட்கார வைப்பதற்கே ஐந்து நிமிஷம் ஆனது. வேலையை விட்டு நிறுத்தப் போகிறேன் என்று நினைத்திருக்கிறார், அப்புறம் சொன்னார்.

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து இரண்டு பேரும் சேர்ந்து எழுதினோம். என்னென்ன வேலை, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை. பட்டியலில் இல்லாத வேலை என்றால் முன்கூட்டியே கேட்க வேண்டும், தனிக்காசு. அவருக்கு முடியாது என்றால் முடியாது. சம்பளம் செப்டம்பர் நோட்டுக் கணக்குப்படி 6,967 வந்தது, 7,000 என்று எழுதினோம். ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள். பாங்கில் போடட்டுமா என்று கேட்டேன். "கையிலயே குடுங்கம்மா, பாங்குல போட்டா எடுக்க ஒரு நாள் போயிடும்" என்றார். சரி, கையில் கொடுத்துவிட்டு நோட்டில் கையெழுத்து. அவர் எழுத்துக்கூட்டிப் படிப்பார், அதனால் பெரிய எழுத்தில் எழுதினேன். பத்தாவது படிக்கிற மகளிடம் காட்டிவிட்டு மறுநாள் கையெழுத்துப் போடுகிறேன் என்று தாளை எடுத்துப் போனார். அதுதான் சரி. படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்று கம்பெனியில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்.

வாராந்திர விடுமுறை ஞாயிற்றுக்கிழமை. முன்பு மாதம் இரண்டு நாள்தான், அதுவும் கேட்டு வாங்க வேண்டும், கேட்கும்போது என் முகம் எப்படி இருந்தது என்று எனக்கே தெரியும். தமிழ்நாட்டில் தொழிற்சாலைகளுக்கு வருஷத்தில் ஒன்பது நாள் சம்பளத்துடன் விடுமுறை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, அப்புறம் ஐந்து பண்டிகை நாள். அதே ஒன்பதை எழுதினோம். ஐந்து பண்டிகையை அவரே தேர்ந்தெடுத்தார்: பொங்கலுக்கு இரண்டு நாள், ஆயுத பூஜை, தீபாவளி, அவர் தெருவில் ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற நாள். கூழ் ஊற்றுவது ஞாயிறாக வந்தால் மறுநாள் திங்கள் வேண்டும் என்று அவரே கேட்டார். எழுதினேன்.

மே 1 என்று எழுதும்போது கை நின்றுவிட்டது. இந்தியாவில் முதன்முதலில் மே தினம் கொண்டாடியது நம் சென்னையில். 1923-ல் சிங்காரவேலர் செங்கொடி ஏற்றினார். கம்பெனியில் மே தினத்துக்கு மறுநாள் வந்து இதையெல்லாம் பேசுவோம். ஆனால் அத்தனை மே 1-ஆம் தேதியும் நான் விடுமுறையில் வீட்டில் இருந்தேன், அவர் வந்து பாத்திரம் தேய்த்துவிட்டுப் போனார்.

சம்பளத்துடன் விடுப்பு: வேலை செய்த இருபது நாளுக்கு ஒரு நாள் என்பது தொழிற்சாலைக் கணக்கு. ஞாயிறும் அந்த ஒன்பது நாளும் போக வருஷத்துக்குச் சுமார் 304 நாள் வேலை, 15 நாள் விடுப்பு. உடம்புக்கு முடியாவிட்டாலும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டியிருந்தாலும் எடுத்துக்கொள்ளலாம்.

போனஸ் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சட்டப்படி குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம். பன்னிரண்டு மாதச் சம்பளத்தில் 8.33 என்றால் ஒரு மாதச் சம்பளம். தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் கொடுப்பது பல வீடுகளில் உள்ள வழக்கம்தான். எங்கள் வீட்டில் மாமியார் காலத்திலிருந்து ஒரு புடவை, ஸ்வீட் பாக்ஸ், ஐநூறு ரூபாய். புடவை அன்பில் கொடுத்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் புடவையை வைத்துப் பள்ளிக்கூட ஃபீஸ் கட்ட முடியாது. "ஒரு மாச சம்பளத்தை மொத்தமா குடுங்கம்மா, புடவை எனக்கு நிறைய இருக்கு, எல்லா வீட்லயும் புடவைதான்" என்று அன்றைக்குத்தான் சொன்னார்.

முன்பணம் வாங்கினால் மாதம் 1,000-க்கு மேல் பிடிப்பதில்லை. ஒரு முறை அவர் மகனுக்குக் காய்ச்சல் என்று 3,000 வாங்கியிருந்தார், அடுத்த மாதம் மொத்தத்தையும் பிடித்துக்கொண்டு 2,500-ஐக் கொடுத்தேன். சம்பளத்தில் பாதிக்கு மேல் பிடிக்கக் கூடாது என்று சட்டப் புத்தகத்தில் அடிக்கோடு போட்டு வைத்திருந்த நான்தான் அப்படிச் செய்தேன். உடைந்த சாமானுக்குப் பிடிப்பதும் இனி இல்லை. பல வருஷத்துக்கு முன் மிக்ஸி ஜார் உடைந்ததற்கு மாமியார் 400 ரூபாய் பிடித்தார், நான் பேசாமல் இருந்தேன். கம்பெனியில் ஒரு கருவி உடைந்தால் விளக்கம் கேட்காமல் ஒருவர் சம்பளத்தில் கை வைக்க முடியாது.

இதெல்லாம் பணக்கணக்கு. தாளில் எழுதாத இன்னொன்று இருக்கிறது. அதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

"காலையில் ஆறரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் மத்தியானம் ஒரு மணி வரைக்கும் பாத்ரூமுக்கு எங்கே போவீங்க?" என்று கேட்டேன். "போறதில்லம்மா. தண்ணி குடிக்காம இருந்துப்பேன்" என்றார். 14 வருஷம். எங்கள் வீட்டில் இரண்டு பாத்ரூம் இருக்கிறது, இரண்டையும் அவர்தான் கழுவுகிறார். போகக் கூடாது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. போகலாம் என்றும் சொன்னதில்லை. கீழே வேலைக்காரர்களுக்கு என்று கட்டிய கழிவறையில் அசோசியேஷன் பழைய சாமான்கள் கிடக்கின்றன. தொழிற்சாலையில் குடிநீர் எங்கே, பெண்களுக்குக் கழிவறை எத்தனை என்று இன்ஸ்பெக்டர் எண்ணிப் பார்ப்பார், நான் கூடவே நடப்பேன். வீட்டுக்கு எந்த இன்ஸ்பெக்டரும் வருவதில்லை.

அடுக்களை அலமாரியில் ஒரு ஓரமாக இருந்த அவருடைய தனி டம்ளரையும் எடுத்துவிட்டேன். அது ஏன் தனியாக இருந்தது என்று நமக்கெல்லாம் தெரியும். சுத்தம் என்று சொல்லிக்கொள்வோம். நாங்கள் குடிக்கிற டம்ளர்களை எல்லாம் தேய்த்துக் கவிழ்த்து வைப்பது அவர் கைதான். இப்போது எல்லாருக்கும் ஒரே டம்ளர், ஒரே காபி.

அரசுப் பக்கம் என்ன இருக்கிறது என்றும் தேடினேன். 1982-ல் வந்த உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 2007-ல் தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர் நல வாரியம் அமைத்திருக்கிறார்கள். 18 வயது முதல் 60 வரை பதிவு செய்யலாம். பிள்ளைகள் படிப்புக்கு உதவித்தொகை, திருமண உதவி, விபத்து நிவாரணம், 60-க்கு மேல் ஓய்வூதியம் உண்டு. அவர் இந்த வாரியத்தின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை. எங்கள் வீட்டில் இத்தனை வருஷமாக வேலை செய்கிறார் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். 2021-ல் அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காக மத்திய அரசு தொடங்கிய இ-ஷ்ரம் பதிவு தனி. அதற்கு இ-சேவை மையத்துக்குக் கூடப் போனேன். ஆதாரில் இருந்த போன் நம்பர் அவர் மகன் எப்போதோ தொலைத்த சிம். ஓ.டி.பி. வரவில்லை. சரி, கைரேகை என்றார்கள். வலது கைக் கட்டு பிரித்துச் சில நாள்தான் ஆகியிருந்தது, இடது கை விரல்களை மாற்றி மாற்றி வைத்தும் மெஷின் எடுக்கவில்லை. இருபது வருஷமாகச் சோப்பும் தேய்ப்பு நாரும் பிடித்த விரல், ரேகை தேய்ந்திருக்கிறது. ஆதாரில் நம்பரை மாற்றிவிட்டு இன்னொரு நாள் போய்ப் பதிவு செய்தோம். பன்னிரண்டு இலக்கத்தில் ஒரு எண் வந்தது. பி.எஃப்.புக்கும் பன்னிரண்டு இலக்க எண்தான். அவர் பெயருக்கு நேராக அப்படி ஒரு எண்ணை முதல்முறையாகப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இன்னொன்று மிகச் சுலபம், இன்றைக்கே செய்துவிடலாம். பிரதமர் சுரக்ஷா பீமா என்கிற விபத்துக் காப்பீடு வருஷத்துக்கு 20 ரூபாய், 2 லட்சம் வரை. ஆயுள் காப்பீடு 436 ரூபாய், அதுவும் 2 லட்சம், ஆனால் சேரும்போது 50 வயதுக்குள் இருக்க வேண்டும். அவருக்கு 47. பாங்குக் கணக்கு இருந்தால் போதும். இரண்டுக்கும் 456 ரூபாய் நான் கட்டுகிறேன், தாளில் எழுதியிருக்கிறது.

பி.எஃப். போல முதலாளி பங்கு 12 சதவீதம், அதாவது 7,000-க்கு 840 ரூபாய். அவர் பெயரில் தபால் நிலையத்தில் ஐந்து வருஷ ஆர்.டி. தொடங்கி, சம்பளத்துக்கு மேல் மாதாமாதம் கட்டுகிறோம். பாஸ்புக் அவரிடம்தான் இருக்கிறது, என்னிடம் இல்லை. கிராஜுவிட்டி கணக்கும் போட்டேன். ஒரு வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாக வைத்து. 5,500 சம்பளத்தில் 14 வருஷத்துக்கு 44,423 ரூபாய். கணவரிடம் காட்டினேன். அவர் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எனக்கு கிராஜுவிட்டி வந்தப்போ நாம கார் வாங்கினோம்" என்றார். 45,000-மாக அவர் பெயரில் டெபாசிட் போட்டோம்.

இத்தனையும் எல்லாராலும் முடியுமா என்று கேட்பீர்கள். எங்களுக்குப் பென்ஷன் இல்லை, சேமிப்பு வட்டியில்தான் ஓடுகிறது. எங்களால் முடிந்தது. உங்களால் டெபாசிட் முடியாமல் இருக்கலாம். வார விடுமுறையும் கையெழுத்து நோட்டும் பாத்ரூமும் முடியாது என்று யாரும் சொல்ல முடியாது.

2013-ஆம் வருஷத்துப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தைப் பற்றியும் அவரிடம் சொன்னேன். அந்தச் சட்டத்தில் வீடும் பணியிடம், வீட்டு வேலை செய்பவரும் பணியாளர். புகாரை மாவட்டத்தில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் கொடுக்கலாம். முகாந்திரம் இருந்தால் குழு ஏழு நாளுக்குள் போலீசுக்கு அனுப்ப வேண்டும். ஒரு தகவலுக்காகத்தான் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "முன்னாடி ஒரு வீட்டுல அந்த ஐயா சரியில்லம்மா. அதான் நின்னுட்டேன். அந்த அம்மா கிட்ட ஊருக்குப் போறேன்னு சொல்லிட்டேன்" என்றார். எந்த வருஷம் என்று கேட்டேன். எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருவதற்கு ஒரு மாதம் முன்னால். ஏன் முந்தின வீட்டை விட்டே என்று அன்று மாமியார் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. "அடிக்கடி வேலை மாத்துறவளா இருந்தா வேண்டாம்" என்று சொன்னதும் நினைவிருக்கிறது.

எங்கள் மாடியில் ஒருவர் போன மாதம் கேட்டார், ஊரிலிருந்து ஒரு பொண்ணைக் கூட்டி வந்து வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன், பதின்மூன்று வயது, நன்றாகப் பார்த்துக்கொள்வேன், படிக்கவும் வைப்பேன் என்று. நேராகச் சொல்லிவிட்டேன். வீட்டு வேலைக்கு 14 வயதுக்கு உட்பட்டவர்களை வைக்கக் கூடாது என்று 2006 அக்டோபரிலேயே தடை வந்துவிட்டது. 2016-ல் ஏறக்குறைய எல்லா வேலைக்கும் தடை. ஜெயில் தண்டனை உண்டு. படிக்க வைக்க ஆசை இருந்தால் ஊரிலேயே அந்தப் பெண்ணுக்கு ஃபீஸ் கட்டலாம். கூட்டி வந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு நானே போன் செய்வேன் என்றேன். இப்போது என்னோடு பேசுவதில்லை. அந்தப் பெண்ணும் வரவில்லை.

மற்றவர்கள் சொல்வது வேறு. "நீங்க ஏத்திவிட்டா எங்க வீட்லயும் கேப்பாங்க." ஆமாம், கேட்பார்கள். கேட்கட்டும். 31 வருஷம் ஒவ்வொரு சம்பள ஒப்பந்தத்தின்போதும் பக்கத்து கம்பெனியில் என்ன கொடுக்கிறார்கள் என்று பார்த்துத்தான் எங்கள் கம்பெனியிலும் கேட்டார்கள், எனக்கும் அப்படித்தான் சம்பளம் ஏறியது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வீட்டுப் பணியாளர்களுக்கு ஒரு சட்டம் தேவையா என்று ஆராயக் குழு அமைக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2011-லேயே இவர்களுக்காக உடன்படிக்கை கொண்டுவந்தது. இந்தியா ஆதரவாக வாக்களித்தது, இன்னும் ஏற்று உறுதி செய்யவில்லை. சட்டம் வரும்போது வரட்டும். கேட் நோட்டு இப்போதே இருக்கிறது, கணக்குப் போட யாருடைய உத்தரவும் வேண்டாம்.

பையைத் திறந்து காட்டும் விதியை எடுக்க வேண்டும் என்று அசோசியேஷன் கூட்டத்தில் பேசினேன். ஏழு பேர் கை தூக்கினார்கள். பதினாறு பேர் தூக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் கீழே உள்ள கழிவறையோடு சேர்த்து மறுபடியும் கொண்டுவருவேன்.

போன வாரம் சம்பளம் வாங்கிக் கையெழுத்துப் போட்டபோது அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். கடைசியில் 'சம்பள உயர்வு: ஒவ்வொரு ஏப்ரலும் பேசி முடிவு செய்வது' என்று ஒரு வரி இருக்கிறது. அதில் விரலை வைத்து, "ஏப்ரல்ல எவ்வளவும்மா ஏத்துவீங்க?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அவர் வாயால் இதைக் கேட்டது இதுதான் முதல் தடவை.

"எவ்வளவு வேணும்னு நீங்க சொல்லுங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "பொண்ணுகிட்ட கணக்குப் போடச் சொல்லிட்டுச் சொல்றேம்மா" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். கேட் நோட்டில் அன்றைக்கு வெளியே போன நேரம் 9.25.

இன்னும் சொல்லவில்லை. ஏப்ரலுக்கு இரண்டு மாதம் இருக்கிறது.